நிட்டிங் புதுசா கத்துக்கப் போறீங்களா? ஊசி வாங்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுடுங்க

ரெண்டு ஊசி, ஒரு உல்லன் உருண்டை, ஒரு யூடியூப் வீடியோ, இது போதும் நிட்டிங் வந்துடும்னு சொல்வாங்க. வரும்தான். ஆனா முதல் வாரத்துலயே மூட்டை கட்டி பீரோ மேல போட்டவங்களை விசாரிச்சுப் பாருங்க, கை வராம விட்டவங்க ரொம்பக் கம்மி. தப்பான ஊசி, தப்பான நூல், அதுக்கும் மேல முதல் ஐட்டமே ஸ்வெட்டர்னு ஆரம்பிச்சு மூச்சு வாங்கி நிறுத்தினவங்கதான் ஜாஸ்தி. இந்தச் சமாச்சாரமெல்லாம் தமிழ்ல ஒரே இடத்துல கிடைக்காம நான் கண்டபடி அலைஞ்சேன், அந்தக் கடுப்புலதான் இதை எழுதறேன். குளிர் இல்லாத நம்ம ஊரை மனசுல வெச்சு எழுதினது, ஊட்டி கொடைக்கானல்காரங்க நூல் விஷயத்துல மட்டும் கொஞ்சம் மாத்திக்கோங்க.

1. எதைப் பின்னப் போறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க

ஸ்வெட்டர் வேண்டாம். பிறக்கப்போற குழந்தைக்கு பூட்டீஸும் (குட்டிக் காலுறை) வேண்டாம், அது சின்னதா இருக்கே தவிர வேலை நுணுக்கம்.

மஃப்ளர்னா ஈஸிதானேன்னு எல்லாரும் அங்கதான் போவாங்க. ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. அகலத்துக்கு 30 லூப் (ஊசில நிக்கற ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு லூப்), ஒன்றரை மீட்டர் நீளம்னா கிட்டத்தட்ட 540 வரிசை வரும், ஆகமொத்தம் 16,000 லூப்புக்கு மேல. புதுசா பின்றவங்க கை நிமிஷத்துக்கு 12 லூப் போட்டாலே பெரிசு, அப்படின்னா 22 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் உக்காந்தாலும் மூணு வாரம் ஒரே மாதிரி வேலை. போர் அடிச்சுடும், அப்புறம் சென்னை வெயில்ல அதைக் கழுத்துல யார் சுத்திக்கறது.

அதனால முதல் ஐட்டம் ஒரு சதுரத் துணி. காட்டன் நூல்ல 40 லூப், 80 வரிசை, எல்லா வரிசையும் ஒரே ஸ்டிச். முடிச்சா அடுப்படில கரித்துணியா, மேடை துடைக்கற துணியா தினமும் உபயோகத்துக்கு வரும். மொத்தம் 3,200 லூப்தான், நாலரை மணி நேரம், அதாவது ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அரைமணி முக்கால்மணின்னு உக்காந்தா ஒரு வாரத்துல கைல ஒரு முழுப் பொருள் இருக்கும். அது கோணலா வந்தாலும் பாத்திரம் ஒண்ணும் சொல்லாது.

2. ஊசி: நம்பரை நம்பாதீங்க, மில்லிமீட்டரைப் பாருங்க

இதுலதான் நிறைய பேர் காசை விடறாங்க. கடைல "8 நம்பர் ஊசி குடுங்க"ன்னு கேட்டா நம்ம ஊர்ல பழைய பிரிட்டிஷ் நம்பர்ல எடுத்துக் குடுப்பாங்க, அது 4 மி.மீ. நீங்க பாத்த வீடியோ அமெரிக்காக்காரங்களோடதா இருந்தா அவங்க சொல்ற 8 நம்பர் 5 மி.மீ. அதே மாதிரி பிரிட்டிஷ் 6 நம்பர்னா 5 மி.மீ, அமெரிக்கன் 6 நம்பர்னா 4 மி.மீ, அப்படியே தலைகீழ். பிரிட்டிஷ்ல நம்பர் ஏற ஏற ஊசி ஒல்லியாகும், அமெரிக்கால நம்பர் ஏற ஏற குண்டாகும். 7 நம்பர் மட்டும் ரெண்டு பக்கமும் 4.5 மி.மீ. அதனால மி.மீ சொல்லி மட்டும் கேளுங்க. ஊசியோட தலைலயோ கவர்லயோ பொடி எழுத்துல போட்டிருக்கும். முதல் ஊசி 4.5 இல்ல 5 மி.மீ வாங்குங்க, அதைவிட ஒல்லியா இப்போதைக்கு வேண்டாம்.

அடுத்து என்ன மெட்டீரியல்ங்கறது. ஃபேன்சி ஸ்டோர்ல சுலபமா கிடைக்கறது சாம்பல் கலர் அலுமினிய ஊசி, போனி கம்பெனியோடது பல இடத்துல இருக்கும். விலை கம்மி, ஆயுசுக்கும் உழைக்கும், ஆனா வழுக்கும். புதுக் கைக்கு லூப் தானா நழுவி விழறது பெரிய தலைவலி. மூங்கில் ஊசியோ மர ஊசியோ நூலைக் கொஞ்சம் பிடிச்சு வெச்சுக்கும், அதுனால ஆரம்பத்துக்கு அதுதான் நல்லது. கை ரொம்ப வேர்க்கறவங்களுக்கு மட்டும் மூங்கில்ல நூல் நகராம ஒட்டற மாதிரி இருக்கும், அவங்க அலுமினியத்துக்கே போங்க, பக்கத்துல ஒரு கைத்துண்டு வெச்சுக்கோங்க.

நேர் ஊசி வாங்கறதா சர்குலர் வாங்கறதான்னு கேட்டா நான் சர்குலர்னுதான் சொல்வேன். ரெண்டு குட்டி ஊசியை ஒரு பிளாஸ்டிக் கேபிள் சேக்கும், அவ்வளவுதான். வட்டமாத்தான் பின்ன முடியும்னு நினைச்சுக்காதீங்க, நேர்த் துணியும் அதுலயே பின்னலாம், வரிசை முடிஞ்சதும் கை மாத்திட்டு திரும்பி வரணும். பின்னின துணியோட கனம் மடில இருக்கும் மணிக்கட்டுல இருக்காது, ட்ரெயின்ல பக்கத்து சீட்காரரை இடிக்காது, ஒரு ஊசி சோஃபாவுக்கு அடில தொலைஞ்சு போறதும் இல்ல. கேபிள் நீளம் 80 செ.மீ எடுங்க. புதுசுல கேபிள் சுருண்டு சுருண்டு நிக்கும், கேபிளை மட்டும் நல்ல சூடான தண்ணில கொஞ்ச நேரம் முக்கி எடுத்து நேரா இழுத்துப் பிடிச்சா படிஞ்சுடும்.

பத்துப் பன்னெண்டு சைஸ் உள்ள செட் ஆன்லைன்ல அழகா பெட்டில வெச்சுக் காட்டுவாங்க. நிட்ப்ரோ மாதிரி நம்ம நாட்டுலயே தயாராகி வெளிநாட்டுக்கெல்லாம் போற நல்ல பிராண்டும் அதுல இருக்கு. ஆனா செட்டு விலை ஆயிரக்கணக்குல, முதல் ஒரு வருஷத்துக்கு உங்களுக்கு ரெண்டு மூணு சைஸுக்கு மேல தேவைப்படாது. தனித்தனியா வாங்கிக்கோங்க.

3. நூல்: கறுப்பும் வேண்டாம் பஞ்சுபஞ்சா இருக்கறதும் வேண்டாம்

கடைல போய் நின்னதும் கை தானா போறது ரோமம் ரோமமா இருக்கற நூல், இல்ல ஜிகினா கலந்தது, இல்ல வெல்வெட் மாதிரி வழவழன்னு இருக்கறது. மூணுலயும் லூப் எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னு கண்ணுக்குத் தெரியாது. கத்துக்கற காலத்துல லூப் கண்ணுக்குத் தெரியறதுதான் பாதிப் படிப்பு. கறுப்பு, நேவி ப்ளூ, காப்பிக்கலர் எல்லாம் ட்யூப்லைட் வெளிச்சத்துல ஒண்ணும் தெரியாது. லைட் கலர்ல, வழவழப்பு இல்லாத, உருண்டையா முறுக்கின நூல் எடுங்க. இளமஞ்சள், லைட் பச்சை, ஆரஞ்சு இந்த மாதிரி.

காட்டனா அக்ரிலிக்கானு ஒரு கேள்வி வரும். வர்த்மான், ஓஸ்வால், கங்கான்னு நம்ம கடைகள்ல இருக்கற நூல்ல பெரும்பாலும் அக்ரிலிக்தான். "உல்லன்"னு சொல்லித்தான் குடுப்பாங்க, ஆட்டு ரோமம் துளிகூட இருக்காது. தப்பில்ல, அக்ரிலிக் விலை கம்மி, கொஞ்சம் இழுபடும், அதனால கைக்கு சுலபம். காட்டன் இழுபடாது, ஒரு மணி நேரத்துக்கு மேல பின்னினா விரல் வலிக்கும், முனை கூரா இருக்கற ஊசின்னா நூல் பிரிஞ்சு பிரிஞ்சு வரும். ஆனா முடிச்ச பொருளை நம்ம ஊர்ல உபயோகிக்க முடியறது காட்டன்தான்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பு. அடுப்புல இருந்து பாத்திரம் இறக்கற கரித்துணியை அக்ரிலிக்ல பின்னாதீங்க. சூடு பட்டா உருகி கைல ஒட்டும், இது விளையாட்டு இல்ல. அந்த வேலைக்கு சுத்தமான காட்டன் மட்டும், அதையும் ரெட்டையா மடிச்சுப் பிடிங்க.

லேபிள் இல்லாம கிலோ கணக்குல விக்கற நூல் வாங்கிட்டு எதுன்னு தெரியலைன்னா ஒரு விரல் நீளம் வெட்டி, ஸ்டீல் தட்டு மேல இடுக்கில பிடிச்சு பத்த வைங்க. காகிதம் எரியற வாசனையோட சாம்பலானா காட்டன், முடி பொசுங்கற நாத்தம் வந்து விரல்ல நசுக்கினா பொடியானா நிஜ கம்பளி, உருகி கெட்டியா மணி மாதிரி உருண்டா அக்ரிலிக். ஆறினதுக்கு அப்புறம் தொடுங்க.

நூல் எவ்வளவு தடிமன்னு பாக்க "ப்ளை"ங்கற நம்பரை நம்ப முடியாது, ஒரு கம்பெனி 4 ப்ளைன்னு சொல்றதும் இன்னொருத்தர் சொல்றதும் ஒண்ணா இருக்காது. 100 கிராமுக்கு எத்தனை மீட்டர்னு பாருங்க. 400 மீட்டர் பக்கம்னா ரொம்ப மெல்லிசு, இப்ப தொடாதீங்க. 160லேர்ந்து 220க்குள்ள இருந்தா 4.5, 5 மி.மீ ஊசிக்கு சரியா இருக்கும். 100ன்னா ரொம்பத் தடி.

4. லேபிளைத் தூக்கிப் போடாதீங்க

உருண்டையைச் சுத்தி இருக்கற அந்தக் காகிதப் பட்டைதான் இந்த ஹாபில உங்க டாகுமென்ட். எடை, மீட்டர், எந்த சைஸ் ஊசி, எப்படித் துவைக்கணும்னு எல்லாம் அதுல இருக்கும். அதைவிட முக்கியம் டை லாட் நம்பர். ஒரே ஷேடு நம்பரா இருந்தாலும் வேற வேற தடவை சாயம் போட்டதுன்னா கலர் லேசா மாறும். கடைல பாத்தா ஒண்ணாத்தான் தெரியும், பின்னி முடிச்சு வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா நடுவுல ஒரு கோடு போட்ட மாதிரி அசிங்கமா நிக்கும். அதனால பெரிய ஐட்டம்னா தேவையான உருண்டை எல்லாத்தையும் ஒரே நாள்ல ஒரே லாட்ல வாங்கிடுங்க, ஒண்ணு எக்ஸ்ட்ராவும் சேத்து. பிரிக்காத உருண்டையைத் திருப்பி எடுத்துப்பீங்களான்னு வாங்கும்போதே கேட்டு வெச்சுக்கோங்க, பில்லையும் லேபிளையும் சேத்து பின் பண்ணி வைங்க.

முதல் லேபிளை ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கறதும் நல்லது, ஆறு மாசம் கழிச்சு மிச்ச நூல் என்னன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

5. மத்த சாமான், மொத்த செலவு

மொக்கை முனையும் பெரிய காதும் உள்ள ஊசி ஒண்ணு, நூல் முனையைத் துணிக்குள்ள சொருக. கோணி ஊசி வேண்டாம், முனை கூர், நூலைக் குத்திப் பிளக்கும். 4 மி.மீ குரோஷா ஊசி ஒண்ணு, இது விழுந்த லூப்பைத் தூக்க, நிட்டிங்தானே பண்றோம் இது எதுக்குன்னு விட்டுடாதீங்க. நாலு சேஃப்டி பின், இஞ்ச் டேப், கத்திரிக்கோல். ரோ கவுண்டர், ஸ்டிச் மார்க்கர்னு கலர் கலரா விக்கறதுக்கு பதிலா ஒரு பேப்பர் பேனா, சின்ன நூல் வளையம் போதும்.

செலவுன்னு பாத்தா சர்குலர் ஊசி 200லேர்ந்து 400 ரூபா, அலுமினியம்னா 100 ரூபா பக்கம், 100 கிராம் காட்டன் 150லேர்ந்து 300, மத்த சில்லறை சாமான் 100. ஆக 500 - 800 ரூபாக்குள்ள ஆரம்பிச்சுடலாம். ஊருக்கு ஊர் கடைக்குக் கடை கொஞ்சம் ஏறி இறங்கும். 100 கிராம்ல ரெண்டு சதுரத் துணி வந்துடும். ஆன்லைன்ல விலை பாக்கும்போது உருண்டை 50 கிராமா 100 கிராமான்னு பாத்துட்டு ஒப்பிடுங்க, ஃபோட்டோல ரெண்டும் ஒரே சைஸ்ல தெரியும். சென்னைல இருக்கறவங்க பாரிஸ் கார்னர், சௌகார்பேட்டை பக்கம் எம்ப்ராய்டரி சாமான் விக்கற கடைகள்ல கேட்டுப் பாருங்க, நேர்ல தொட்டுப் பாத்து வாங்கறது தனி.

6. லூப் ஏத்தறது (காஸ்ட் ஆன்)

இதுக்குப் பல முறை இருக்கு, நீங்க "லாங் டெயில்"னு தேடி அதைக் கத்துக்கோங்க. ஓரம் கெட்டியா வரும், முதல் வரிசை பின்றதுக்கும் சுலபம். நூலோட முனையில எவ்வளவு நீளம் விடணும்ங்கறதுதான் இதுல சிக்கல். பின்னப்போற அகலத்துக்கு மூணு மடங்கு, கூட ஒரு சாண். நம்ம 40 லூப் துணிக்கு ஒரு மீட்டர் விட்டா தாராளம். கம்மியா விட்டா 36வது லூப்ல நூல் தீந்து மறுபடி முதல்லேர்ந்து.

இழுத்து இழுத்துப் போடாதீங்க. லூப் ஊசில லேசா நகரணும். நகரலைன்னா முதல் வரிசைல ஊசி முனை உள்ள நுழையவே நுழையாது.

போட்டு முடிச்சதும் ரெண்டு நூல் தொங்கும், ஒண்ணு உருண்டைக்குப் போறது, இன்னொண்ணு மிச்ச வால். வாலை எடுத்துப் பின்ன ஆரம்பிச்சு பாதி வரிசைல நூல் காலியாகி முழிக்கறது ரொம்ப சகஜம். வாலை ஒரு சின்னக் கட்டா சுருட்டி பின் போட்டு ஒதுக்கிடுங்க.

7. நிட் ஸ்டிச்: இது ஒண்ணு போதும் முதல் வாரத்துக்கு

லூப் இருக்கற ஊசி இடது கைல, காலி ஊசி வலது கைல, நூல் பின்பக்கம். வலது ஊசி முனையை முதல் லூப்புக்குள்ள இடமிருந்து வலமா, முன்னாடிலேர்ந்து பின்னாடி போற மாதிரி விடுங்க, ரெண்டு ஊசியும் பெருக்கல் குறி மாதிரி நிக்கும். நூலை வலது ஊசி முனைல கடிகாரத்துக்கு எதிர்த்திசைல ஒரு சுத்து. அந்தச் சுத்தை முனையாலயே லூப் வழியா முன்னாடி இழுங்க. இடது ஊசில இருக்கற பழைய லூப்பை நழுவ விடுங்க. ஒரு ஸ்டிச் முடிஞ்சது.

சுத்தற திசை மாறினா லூப் திரும்பி உக்காரும், அடுத்த வரிசைல அடிப்பக்கம் எக்ஸ் மாதிரி முறுக்கிக்கும், துணி விறைப்பா வரும். செக் பண்றதுக்கு ஒரு வழி, ஊசில உக்காந்திருக்கற லூப்பைக் குதிரை மேல உக்காந்த ஆளா நினைச்சுக்கோங்க, வலது கால் ஊசிக்கு முன்பக்கம் இருக்கணும்.

நூலை வலது கைல பிடிக்கறதா இடது கைலயான்னு வீடியோக்கு வீடியோ மாறும். ரெண்டும் சரிதான், துணி ஒண்ணாத்தான் வரும். ஏற்கனவே குரோஷா போடறவங்களுக்கு இடது கைல நூல் பழகியிருக்கும், அவங்க "கான்டினென்டல்"னு தேடுங்க. மத்தவங்க எது முதல்ல புரியுதோ அதோட இருந்துடுங்க, ஒரே வாரத்துல ரெண்டையும் கலக்காதீங்க. இடது கைப் பழக்கம் உள்ளவங்களும் சாதாரண வீடியோவையே பாத்துக் கத்துக்கலாம், இதுல ரெண்டு கைக்கும் வேலை இருக்கு.

தமிழ்ல வீடியோ கம்மி, ஹிந்தில கொட்டிக் கிடக்கு. சீதான்னா நிட், உல்டான்னா பர்ல் (நிட்டோட மறுபக்கம், 9ல வரும்), ஃபந்தான்னா லூப், சலாயின்னா ஊசி. இந்த நாலு வார்த்தை தெரிஞ்சா போதும், மிச்சம் கையைப் பாத்தாலே புரியும். வேகத்தைப் பாதியாக் குறைச்சு வெச்சுப் பாருங்க.

எல்லா வரிசையும் நிட் பண்ணிட்டே போனா வர்றது கார்ட்டர் ஸ்டிச். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வரம்பு வரம்பா இருக்கும், சுருளாது. ரெண்டு வரிசைக்கு ஒரு வரம்பு. 40 லூப்புக்கு 40 வரம்பு வந்தா துணி கிட்டத்தட்ட சரியான சதுரமாயிடும், டேப்பே வேண்டாம்.

8. எண்ணிக்கை மாறுதா? பர்ல் கத்துக்கறதுக்கு முன்னாடி இதைக் கத்துக்கோங்க

வீடியோ எல்லாம் நிட் முடிஞ்சதும் நேரா பர்லுக்குத் தாவிடும். என்னைக் கேட்டா நடுவுல ரெண்டு மூணு நாள் ரிப்பேர் வேலைக்கு ஒதுக்குங்க. இது தெரியாதவங்கதான் ஒவ்வொரு தப்புக்கும் மொத்தத்தையும் பிரிச்சுப் பிரிச்சு சலிச்சுப் போயிடறாங்க. முதல் துணிக்கு ஒவ்வொரு வரிசை முடிவுலயும் லூப்பை எண்ணுங்க, எரிச்சலா இருந்தாலும் எண்ணுங்க.

40 இருந்தது 42 ஆயிடுச்சுன்னா பெரும்பாலும் தப்பு வரிசையோட ஆரம்பத்துல. திருப்பினதும் நூலை ஊசிக்கு மேல பின்னாடி இழுத்துட்டா முதல் லூப்போட ரெண்டு காலும் மேல ஏறி ரெண்டு லூப் மாதிரி காட்டும், நீங்க ரெண்டையும் பின்னிடுவீங்க. ஒவ்வொரு வரிசைக்கு முன்னாடியும் நூலைக் கீழ முன்பக்கமா இழுத்துட்டு, ஊசிக்கு அடி வழியா பின்னாடி கொண்டு போங்க. ஓரம் தவிர நடுவுல கூடிச்சுன்னா ரெண்டு காரணம், நூல் தெரியாம ஊசி மேல ஒரு சுத்து விழுந்திருக்கும், அங்க ஒரு ஓட்டை தெரியும். இல்ல ஒரே லூப்போட நூலைப் பிளந்து ரெண்டாக்கியிருப்பீங்க.

குறைஞ்சதுன்னா லூப் எங்கயோ விழுந்திருக்கு. பதறி இழுக்காதீங்க, இழுத்தாதான் கீழ கீழ இறங்கும். முதல்ல ஒரு சேஃப்டி பின்னை அந்த லூப்புக்குள்ள போட்டுப் பூட்டுங்க, அது எங்கயும் போகாது. அப்புறம் நிதானமா குரோஷா ஊசியை லூப்புக்குள்ள விட்டு, அதுக்கு மேல ஏணிப்படி மாதிரி நிக்கற நூலை ஒண்ணொண்ணா இழுத்து மேல ஏத்துங்க. கார்ட்டர்ல ஒரு படிக்கு முன்பக்கத்துலேர்ந்து, அடுத்த படிக்குப் பின்பக்கத்துலேர்ந்துன்னு மாத்தி மாத்தி எடுக்கணும். ஒரு சின்ன சாம்பிளை வேணும்னே பின்னி, வேணும்னே ஒரு லூப்பை விழ வெச்சுத் தூக்கிப் பாருங்க. நாலு தடவை பண்ணினா பயம் விட்டுடும்.

பாதி வரிசைல காலிங் பெல் அடிச்சு எழுந்து போயிட்டு வந்தா எந்தப் பக்கம் போயிட்டிருந்தோம்னு தெரியாது. உருண்டைலேர்ந்து வர்ற நூல் எந்த ஊசில தொங்குதோ அதுதான் வலது கைக்கு வரணும். மாத்திப் பிடிச்சா ஒரு பக்கம் மட்டும் ரெண்டு வரிசை ஜாஸ்தியாகி நடுவுல ஓட்டை விழும். முடிஞ்சவரைக்கும் வரிசையை முடிச்சுட்டு எழுந்திரிங்க.

பல வரிசை பிரிச்சுத்தான் ஆகணும்னா, எங்க வரைக்கும் பிரிக்கணுமோ அந்த வரிசைல இருக்கற எல்லா லூப்புக்குள்ளயும் மொக்கை ஊசில வேற கலர் தையல் நூலைக் கோர்த்துட்டு அப்புறம் பிரிங்க. பிரியறது அந்த நூல்ல வந்து நின்னுடும்.

9. பர்ல்

நிட்டோட பின்பக்கம்தான் பர்ல். நூல் முன்பக்கம் வரணும், ஊசி லூப்புக்குள்ள வலமிருந்து இடமா நுழையணும், அதே எதிர்த்திசைச் சுத்து, இந்தத் தடவை சுத்தைப் பின்னாடி தள்ளணும். ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல்னு மாத்தி மாத்தி போனா ஸ்டாக்கினெட். நீங்க போட்டிருக்கற டி-ஷர்ட், திருப்பூர் பனியனை உத்துப் பாருங்க, முன்பக்கம் வி வி வியா இருக்கும், அதேதான், அங்க மெஷின் பின்னுது.

ஸ்டாக்கினெட்ல மட்டும் மஃப்ளர் பின்னிடாதீங்க, ரெண்டு ஓரமும் பாய் மாதிரி சுருண்டுக்கும், அயர்ன் பண்ணினாலும் நிக்காது. அக்ரிலிக்கை அயர்ன் பண்ணினா அது தொங்கிப் போய் உயிரே இல்லாம ஆயிடும். சுத்தி நாலு லூப், நாலு வரிசை கார்ட்டர்ல பார்டர் குடுங்க. ஒரே வரிசைல நிட்டும் பர்லும் கலந்து வந்தா ஒவ்வொரு மாத்தத்துக்கும் நூலை ரெண்டு ஊசிக்கு நடுவால முன்னாடி பின்னாடி கொண்டு போகணும், ஊசிக்கு மேல கொண்டு போனா லூப் கூடிடும்.

10. மூடறது (கடைசி வரிசை லூப் பிரியாம முடிக்கறது), முனை சொருகறது

ரெண்டு லூப் நிட் பண்ணி, முதல்ல பின்னினதை ரெண்டாவதுக்கு மேல தாண்டி விடணும், இன்னொண்ணு நிட், மறுபடி தாண்டி விடணும். எல்லாரும் இதை இறுக்கிடுவாங்க, துணி மேல்பக்கம் குறுகிடும். மூடற வரிசைக்கு மட்டும் ஒரு சைஸ் பெரிய ஊசி எடுங்க. அகலத்துக்கு நாலு மடங்கு நூல் மிச்சம் இருக்கும்போதே மூட ஆரம்பிச்சுடுங்க, இன்னும் ஒரு வரிசை பின்னலாமேன்னு ஆசைப்பட்டா மூடறதுக்கு நூல் பத்தாது.

கடைசில ஒரு சாண் விட்டு வெட்டி, மொக்கை ஊசில கோர்த்து ஒரு பக்கம் போய் திரும்பி எதிர்ப்பக்கம் வந்து சொருகுங்க. முடிச்சு போட்டு ஒட்ட வெட்டினா ரெண்டு தடவை துவைச்சதும் வெளில வந்துடும்.

11. பேட்டர்ன் படிக்கறது

பேட்டர்ன்னா ஒவ்வொரு வரிசையும் எப்படிப் பின்னணும்னு எழுதின குறிப்பு. அது கிடைக்கற ராவெல்ரி வெப்சைட்ல அக்கவுண்ட் ஓபன் பண்ணிக்கோங்க, காசு கிடையாது. இலவசம், நிட்டிங், நூல் தடிமன்னு ஃபில்டர் போட்டுத் தேடலாம். காசு குடுத்து வாங்கறதெல்லாம் பெரும்பாலும் டாலர், யூரோன்னு வெளிநாட்டுக் காசுல இருக்கும், முதல் ஆறு மாசத்துக்குத் தேவையே இல்ல.

பேட்டர்ன்ல கே (k)ன்னா நிட், பி (p)ன்னா பர்ல், ஒய்ஓ (yo)ன்னா நூலை வேணும்னே ஊசி மேல ஒரு சுத்து (ஒரு லூப் கூடும்), கே2ன்னா ரெண்டு லூப் நிட், கே2டாக் (k2tog)னா ரெண்டு லூப்பை சேத்து ஒண்ணாப் பின்றது (ஒரு லூப் குறையும்). "கே2, *ஒய்ஓ, கே2டாக்*, கே2"ன்னு இருந்தா நட்சத்திரத்துக்கு நடுவுல இருக்கறதை வரிசை முடிய ரெண்டு லூப் இருக்கற வரைக்கும் திருப்பித் திருப்பிப் பண்ணணும். 40 லூப்னா 18 தடவை, கூடறதும் குறையறதும் சமமா இருக்கறதால முடிவுலயும் 40தான். இந்த மாதிரி ஒவ்வொரு வரியையும் பேப்பர்ல கூட்டிக் கழிச்சுப் பாத்துட்டு ஊசியை எடுங்க.

"80 (90, 100, 110)"ன்னு வரிசையா நம்பர் இருந்தா அது நாலு சைஸுக்கு. உங்க சைஸ் மூணாவதுன்னா கடைசி வரைக்கும் மூணாவது நம்பர்தான். பிரிண்ட் எடுத்து பென்சில்ல வட்டம் போட்டுடுங்க, மொபைல்ல படிச்சா கண்டிப்பா ஒரு இடத்துல மாறும்.

12. உடம்புல போடற ஐட்டம்னா ஸ்வாட்ச் (அளவு பாக்கற சாம்பிள் துண்டு) கட்டாயம்

கரித்துணிக்கு வேண்டாம். தொப்பி, ஸ்வெட்டர்னா அதே நூல் அதே ஊசில ஒரு 15 செ.மீ சதுரம் பின்னி, துவைச்சுக் காயவெச்சு, நடுவுல 10 செ.மீக்கு எத்தனை லூப்னு எண்ணுங்க. பேட்டர்ன்ல 20ன்னு இருக்கு உங்களுக்கு 22 வருதுன்னு வைங்க. ரெண்டு லூப்தானேன்னு விட்டா 200 லூப் ஸ்வெட்டர் 100 செ.மீ வரவேண்டியது 91 செ.மீல நிக்கும், ஆளுக்குள்ள போகாது. லூப் ஜாஸ்தியா வந்தா பெரிய ஊசி, கம்மியா வந்தா சின்ன ஊசி, மறுபடி ஒரு ஸ்வாட்ச். இதுக்கு ரெண்டு நாள் போகும், போகட்டும்.

குழந்தைக்குப் பின்னினா ஓட்டை ஓட்டையா டிசைன் வேண்டாம், விரல் மாட்டிக்கும். பட்டன், மணி எதுவும் வைக்காதீங்க, பிச்சு வாயில போட்டுக்கும். தூங்கும்போது தொப்பியைக் கழட்டிடச் சொல்லுங்க.

13. துவைக்கறது, எடுத்து வைக்கறது

காட்டனும் அக்ரிலிக்கும் சாதாரணமா துவைக்கலாம். நிஜ கம்பளியை சுடுதண்ணி, வாஷிங் மெஷின் ரெண்டுக்கும் காட்டாதீங்க, சுருங்கிக் கெட்டியாயிடும், திரும்பி வராது. பச்சைத்தண்ணில ஊறவெச்சு, முறுக்காம, துண்டுல சுத்தி அமுக்கித் தண்ணி எடுத்து, பாய் மேல அளவுக்கு விரிச்சு ஃபேன் அடில காயவைங்க. கொடில தொங்கவிட்டா ஈர கனத்துல நீண்டு போகும். பூச்சி அரிக்கறதும் கம்பளியைத்தான், அதை மட்டும் நல்லா காயவெச்சு ஜிப் பையில போட்டு வைங்க.

கை விஷயம், அரை மணிக்கு ஒரு தடவை ஊசியைக் கீழ வெச்சு விரலை விரிச்சு மடக்குங்க. கட்டைவிரல் அடில வலி ஆரம்பிச்சா ரெண்டு நாள் லீவு, வலியோட பின்னாதீங்க.

14. "எனக்கும் ஒண்ணு பின்னிக் குடேன்"

ரெண்டாவது துணி முடியறதுக்குள்ள இது வரும், அத்தைகிட்டேர்ந்தோ ஆபீஸ்லேர்ந்தோ. மஃப்ளர்னா நூல் ரெண்டு உருண்டை 300, 400 ரூபா, 22 மணி நேரம்னு கணக்கை அப்படியே சொல்லிடுங்க. "கடைல 250க்கு கிடைக்குதே"ன்னு சொன்னா கடைலயே வாங்கிக்கச் சொல்லுங்க, கோவமே படாம. கேக்காம பக்கத்துல வந்து உக்காந்து ஊசி போறதையே பாக்கறாங்க இல்ல, அவங்களுக்கு முதல் துணியைக் குடுங்க. அடுத்த தடவை அவங்களுக்கும் சேத்து 5 மி.மீ ஊசி ஒண்ணு வாங்கிட்டு வந்துடலாம்.